விழாத வார்டு

அந்தக் கட்டில் கம்பியை இறக்காதீங்க அண்ணாச்சி. உங்க அம்மா உக்காரணும்னு கேட்பாங்க, காலைத் தொங்கப் போடணும்னு கேட்பாங்க, பாத்ரூமுக்கு நானே நடந்து போயிருவேன்னு சொல்லுவாங்க. இங்க வாற எல்லாரும் சொல்லுறதுதான். நீங்க மகன், முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு நாக்கு வராது. நான் யாரோதானே, நான் சொல்லிருதேன். முடியாது ஆச்சி. படுங்க.

பாத்தீங்களா, படுத்துட்டாங்க.

நான் நர்ஸ் இல்ல. ஊதாச் சட்டை போட்டவங்க யாரும் நர்ஸ் இல்ல, அதை மொதல்ல தெரிஞ்சுக்கிடுங்க. நர்ஸ்னா வெள்ளை. இந்த வார்டுல வெள்ளை ஒரே ஆளுதான், பாக்கியசீலி சிஸ்டர். அந்தா, மருந்துத் தட்டைத் தூக்கிட்டு ஓடுறாங்கல்லா, அவங்கதான். அவங்க நடந்து நீங்க பார்க்க முடியாது. எனக்கு ஸ்டூல் வேலை. யாரு கூடுதலா எழும்பப் பார்க்காங்களோ அவங்க கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, எழும்ப விடாம பார்த்துக்கிடணும். இப்ப உங்க அம்மாதான் முன்னணியில இருக்காங்க.

எலும்பு டாக்டர் நடக்க வைக்கச் சொன்னாரா? சொல்லுவார். எல்லார்ட்டயும் சொல்லுவார். சொல்லிட்டு ராஜபாளையத்துல அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போயிருவார்.

உங்க மூஞ்சி நல்லா இல்ல, அதனால ஒரு விஷயம் சொல்லுதேன், கேளுங்க. கேட்டா நிம்மதியாப் போவீங்க. பதினொண்ணாம் கட்டில் கதை. போனைக் கொஞ்சம் உள்ள வைங்க, எனக்குப் பாதிக் கண்ணுல கேக்கிறவங்களைப் பிடிக்காது.

நான் ப்ளஸ் ஒன்னுல பாதியில நின்னவ. ஏன் நின்னேன்னா, எனக்குப் பொய் வராது. கணக்கு டீச்சர், 'ஏன் சரியா வர மாட்டேங்குற, உண்மையைச் சொல்லு'ன்னு கேட்டாங்க. 'நீங்க நடத்துறது புரியல டீச்சர், உங்களுக்கே புரிஞ்ச மாதிரியும் தெரியல'ன்னேன். அம்மாவைக் கூட்டிட்டு வான்னாங்க. எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல லீவு போட மாட்டா. அவ்வளவுதான், படிப்பு முடிஞ்சுது. வயசு பதினெட்டு ஆகட்டும்னு வீட்ல இருந்துட்டு, ஆனதும் காண்ட்ராக்ட்ல இங்க சேர்ந்தேன்.

சேர்ந்த புதுசுல இந்த வார்டுல ரெண்டு வெள்ளை இருந்தாங்க. ஒரு கிழவி பாத்ரூம்ல விழுந்துருச்சு. மண்டையில லேசா வீக்கம். மறுநாள் ரவுண்ட்ஸ்ல டாக்டர் கேட்டதும், 'வழுக்கி உக்காந்துட்டாங்க சார்'னு ஒரு சிஸ்டர் சொன்னாங்க. நான் வாளியோட பக்கத்துல நின்னேன். 'உக்காரல சார், விழுந்தாங்க, நான்தான் தூக்கினேன்'னேன். ரெண்டு சிஸ்டருக்கும் மெமோ வந்துச்சு. அப்படிச் சொன்னவங்க வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க. அது அவங்க இஷ்டம். அதுல இருந்து பாக்கியசீலி சிஸ்டர் தனிதான். பதிலுக்கு ஆள் போடுறோம்னாங்க, போடுவாங்களா இருக்கும்.

அதுக்குப் பிறகுதான் குவாலிட்டி மேடம் வந்தாங்க. கோயம்புத்தூர்க்காரங்க. மாடி ஹால்ல எல்லாரையும் கூட்டி வச்சு, 'நோயாளி பாதுகாப்புதான் நம்ம உயிர்மூச்சு'ன்னாங்க. எந்த வார்டுல மாசம் முழுக்க ஒருத்தரும் விழலையோ அந்த வார்டுக்குக் கேடயம்னாங்க. விழுந்தா மெமோ.

சிஸ்டர் கையைத் தூக்கினாங்க. 'மேடம், இன்னொரு ஸ்டாஃப் நர்ஸ் குடுத்தா...'

'மொதல்ல கேடயம் வாங்குங்க சிஸ்டர், அதைக் காட்டி நான் மேனேஜ்மென்ட்ல பேசுறேன்'னாங்க மேடம்.

நியாயந்தானே?

வேலையில எறங்கினோம். விழ வாய்ப்பு உள்ளவங்க கையில கட்டன்னு மஞ்சப் பட்டை குடுத்தாங்க. யாருக்கு வாய்ப்புன்னு யாரு உக்காந்து யோசிக்க? எல்லாருக்கும் கட்டினோம். வாட்ச்மேன் ஒரு நாள் தலை சுத்துதுன்னு வந்து உக்காந்தார், அவருக்கும் கட்டிட்டோம். எல்லாக் கட்டிலுக்கும் கம்பி ஏத்தினோம். கம்பியைத் தாண்டுற ஆளுங்களுக்கு மெத்தையைத் தரையில போட்டோம். ஏற்கெனவே தரையில கிடக்கிறவங்க எங்க விழ? இது என் யோசனை. மேடம் என் முதுகுல தட்டிக் குடுத்தாங்க.

அப்பத்தான் பதினொண்ணாம் கட்டிலுக்குக் கோமதிநாயகம் ஐயா வந்தார். ஆட்டுத் தரகர். பாம்புக்கோவில் சந்தையில ஐயா இல்லாம ஒரு கிடா கைமாறாதுன்னு அவரே சொன்னார். ஒரு முட்டுக் கிடா இடிச்சு இடுப்பு எலும்பு போயிருச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. உங்க அம்மாவுக்குப் பண்ணின அதே ஆபரேஷன்தான். சுகர் இருந்ததால தையல் ஆறல, இங்கேயே கிடக்கும்படி ஆச்சு.

அவருக்குச் சம்சாரம் கிடையாது. கரிவலம் பக்கத்துல தனி வீடு, நாலஞ்சு ஆடு. ஒரே மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர், பேரு மாரிச்செல்வம். அவர் தங்கமான மனுஷன். வந்து கட்டில் பக்கத்துல நின்னு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரியே சொன்னார்.

'எப்பா, நீங்களா எழும்பி கக்கூஸ் போய்ட்டு வந்துட்டீங்கன்னா நம்ம வீட்டுக்கே போங்க, நான் தடுக்கல. இல்லன்னா எங்கூட வந்துருங்க.'

'ஒன் வீடு எத்தனாவது மாடில?'

'மூணாவது.'

'லிஃப்டு?'

'இல்லப்பா.'

'அப்ப என்னை மேல ஏத்தினா அடுத்து எறக்குறது எதுக்குன்னு சொல்லு பாப்போம்.'

மகன், வாற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வாரேன்னுட்டுப் போயிட்டார். ஆக ஐயாவுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நடக்கணும். அதனால ஸ்டூல் அவர்கிட்டப் போயிருச்சு.

மொத நாளே என்னைப் பார்த்து, 'நீ யாரு தாயி, காவலா?'ன்னார்.

'ஆமா'ன்னேன்.

'எம்புட்டு நாளைக்கு?'

'நீங்க எழும்பப் பார்க்கிறதை விடுற வரைக்கும்.'

'எழும்பிட்டா?'

'எழும்ப முடியாது. நான் இருக்கேன்லா.'

என்ன சிரிப்புங்கிறீங்க! பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டு, 'ஏ, இந்தப் புள்ளையச் சந்தையில விட்டா ஒரு ஆடு அவுத்துட்டுப் போகாதுய்யா'ன்னார். பெருமையாத்தான் இருந்துச்சு.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, 'நடக்க விடுங்க சிஸ்டர், நடந்தாத்தான் கால்'னு சொல்லிட்டுப் போவார். பின்னாலயே மேடம் வந்து, 'விழ விட்றாதீங்க சிஸ்டர்'னு சொல்லிட்டுப் போவாங்க. சிஸ்டர் ரெண்டு பேருக்கும் 'சரி'ன்னுவாங்க. எனக்குக் குழப்பமா இருந்துச்சு, கேட்டுட்டேன்.

'ரெண்டு பேர்ல யாரு சொல்றதைச் செய்ய சிஸ்டர்?'

அவங்க அப்பத்தான் உக்காந்து இட்லியைப் பிட்டு வாயில வைக்கப் போனாங்க. 'நடக்காட்டி மெமோ வராது எசக்கி. விழுந்தா வரும்.'

'அப்ப நடக்க வைக்க வேண்டாமா?'

'நடக்க வைக்க ரெண்டு ஆளு வேணும்டி. வாக்கரைப் பிடிக்க ஒருத்தி, ஆளைப் பிடிக்க ஒருத்தி. நான் ஒருத்தி அங்க நின்னா இங்க யாரு நிக்க? விழாம வைக்க ஒரு ஸ்டூல் போதும். அவங்க எனக்குக் குடுத்தது ஸ்டூல்தான்.'

'ஸ்டூல்னா என்னையா சொல்றீங்க?'

'ஆமா'ன்னாங்க. அவங்களுக்கும் பொய் வராது. அந்த இட்லியை அவங்க தின்னல, ஆறாம் கட்டில்ல யாரோ வாந்தி எடுத்துட்டாங்க.

ஐயா சும்மா கிடக்கல. சந்தையில ஆட்டு விலையை வாயால பேச மாட்டாங்களாம். கை மேல துண்டைப் போட்டு, உள்ளுக்குள்ள விரலைப் பிடிச்சே பேசி முடிப்பாங்களாம், சுத்தி நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாதுன்னு. இங்கயும் ஊசி போட வாற சிஸ்டர் கையில துண்டைப் போட்டு விரலைப் பிடிப்பார். 'என்ன ஐயா?'ன்னு கேட்டா, 'நாலு அடி. வாசல் வரைக்கும் கூட கேக்கல, நாலே அடி'ன்னுவார். சிஸ்டர் கையை உருவிக்கிட்டு, 'நாளைக்குப் பாப்போம் ஐயா'ன்னு ஓடிருவாங்க. 'நாளைக்குச் சந்தை கிடையாதும்மா'ன்னு பின்னாலயே சத்தம் போடுவார்.

என்கிட்டயும் துண்டைப் போட்டார். நான் துண்டை மடிச்சு அவர் தலைமாட்டுல வச்சேன்.

ஒரு வாரத்துக்கு மேல அப்படிப் போச்சு. ஒரு தடவைகூட எழும்ப விடல. காலை மடக்கக் கூட விடல, மடக்கினா அடுத்து இறக்குவார்லா. அவருக்கு என் மேல கோவம். 'படுத்த ஆட்டை எவனும் வெலைக்குக் கேக்க மாட்டான், தெரியுமாட்டீ?'ன்னு கத்தினார். 'நான் உங்களை விக்கல ஐயா'ன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் அதுக்குச் சிரிச்சுட்டு, தையல் போட்ட வயித்தைப் பிடிச்சுக்கிட்டார்.

மாசக் கடைசி வந்துச்சு. எங்க வார்டுல ஒருத்தரும் விழல. ஆஸ்பத்திரியிலேயே எங்க வார்டு மட்டுந்தான். மதியம் மாடி ஹால்ல கேடயம் குடுக்கிறாங்க, சிஸ்டர் கட்டாயம் வரணும்னு மேடம் ஆள் விட்டாங்க. சிஸ்டர் வார்டை ஒரு சுத்துப் பார்த்துட்டு, 'பத்தே நிமிஷம் எசக்கி, எதையும் தொடாத'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. வார்டுல நான் மட்டும்.

ஐயா என்னையே பார்த்துட்டுக் கிடந்தார். பிறகு துண்டை என் கை மேல போட்டார். இந்தத் தடவை கத்தல. உள்ளுக்குள்ள ரெண்டு விரலைப் பிடிச்சார்.

'என்ன?'

'ரெண்டு அடி தாயி. வாற ஞாயிறு அவன் வந்துருவான்.'

'முடியாது.'

ஒரு விரலை விட்டார். ஒரு விரலை மட்டும் பிடிச்சிருந்தார்.

'ஒரு அடி. நிக்க முடியுதான்னு எனக்கே தெரியல. அதைத் தெரிஞ்சுக்கிடுறேன். பிறகு கேக்க மாட்டேன்.'

பிறகு கேக்க மாட்டேன்னு சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. தெனமும் கேட்டா எனக்கும் அலுப்பாத்தானே இருக்கும்? கம்பியை இறக்கினேன். உக்கார வச்சேன். மூச்சு வாங்குச்சு, கொஞ்ச நேரம் விட்டேன். ரெண்டு கையாலயும் இடுப்பைப் பிடிச்சுத் தூக்கினேன். நின்னுட்டார் அண்ணாச்சி! நின்னு சுத்துமுத்தும் பார்த்தார். படுத்தே கிடந்தவருக்கு ஜன்னல் வெளிய வேப்பமரம் இருக்கிறதே அப்பத்தான் தெரியும். 'அட, இங்கன ஒரு மரம் நிக்கி'ன்னார்.

ஒரு அடி வச்சார். நல்ல அடி. ரெண்டாவது அடி நான் ஒத்துக்கிட்டதே கிடையாது. அதை அவரா வச்சார். கால் அப்படியே மடங்கிருச்சு. தொடையில சதையே இல்ல, நான் பிடிச்சிருந்தேன்லா, எனக்குத் தெரியும். வந்தப்ப அப்படி இல்ல. மொத்தமா என் மேல சாஞ்சார், நான் கீழ, அவர் என் மேல. பக்கத்துக் கட்டில்காரர் சம்சாரம் ஓடி வந்து, ரெண்டு பேருமா கட்டில்ல ஏத்திட்டோம். அடி ஒண்ணும் இல்ல. எனக்கு மட்டும் முழங்கை தேய்ஞ்சுது.

ஐயா துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டார்.

வேற யாராவதா இருந்தா அப்படியே விட்டிருப்பாங்க. யாரு பார்த்தா? நான் நேரா மாடிக்குப் போனேன். ஆஸ்பத்திரி முதலாளி, எம்.டி. டாக்டர், கேடயத்தைச் சிஸ்டர் கையில குடுக்கிறார், போட்டோக்காரர் 'இன்னும் கொஞ்சம் சிரிங்க சிஸ்டர்'ங்கிறார். நான் வாசல்ல நின்னே சொன்னேன்: 'சிஸ்டர், பதினொண்ணு விழுந்துட்டாரு.'

சிஸ்டர் கேடயத்தை விட்டுட்டு ஓடியே போயிட்டாங்க. கேடயம் எம்.டி. கையிலயே நின்னுச்சு. யாருக்கு என்ன செய்யன்னு தெரியல. குவாலிட்டி மேடம் என் பக்கத்துல வந்து, ரொம்பப் பிரியமாக் கேட்டாங்க.

'இசக்கியம்மா, பதறாம சொல்லு. அவர் தரையைத் தொட்டாரா?'

'இல்ல மேடம். தரைக்கும் அவருக்கும் நடுவுல நான் இருந்தேன்.'

'எந்த அளவுக்கு நடுவுல?'

'முழுசா.'

மேடம் எம்.டி.யைப் பார்த்தாங்க. ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல பேசினாங்க. விழுறதுன்னா தரைக்கு வரணுமாம். இல்லன்னா தரை மாதிரி ஒண்ணுக்கு வரணுமாம். எம்.டி. என்னைப் பார்த்து, 'நீ தரை இல்லையேம்மா'ன்னார்.

'இல்ல சார்'னேன். வேற என்ன சொல்ல?

'அப்ப விழல'ன்னார். எல்லாரும் கை தட்டினாங்க.

'இருந்தாலும் விழுந்தார்னுதான் சார் நான் சொல்லுவேன்'னேன். 'உன் நேர்மையை நாங்க மதிக்கிறோம்'னு சொல்லி, சிஸ்டர் இல்லாததால கேடயத்தை என் கையிலயே குடுத்துட்டாங்க. போட்டோ கீழ ரிசப்ஷன்ல மாட்டியிருக்கு, போகும்போது பாருங்க. ஊதாச் சட்டை, முழங்கையில பஞ்சு, அது நான்தான்.

கீழ வந்து பார்த்தா சிஸ்டர் ஐயாவோட காலைப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்துட்டிருந்தாங்க. என்னைத் திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. 'ஒரு அடி வச்சாரா?'ன்னு மட்டும் கேட்டாங்க.

'ஒண்ணு நல்லா வச்சாரு சிஸ்டர்.'

'ஒண்ணு வச்சாரா'ன்னு திரும்பச் சொல்லிட்டு, அவர் போர்வையை இழுத்து விட்டாங்க. அதுக்குள்ள ரெண்டாம் கட்டில்ல பாட்டில் தீர்ந்துருச்சுன்னு கூப்பிட்டாங்க.

மேடம் சொல்லி ஐயா மெத்தையைத் தரைக்கு இறக்கிட்டோம். அதுக்குப் பிறகு அவர் கேக்கவே இல்ல. துண்டையும் எடுக்கல. சோறு குடுத்தா தின்னார், திரும்பிப் படுங்கன்னா படுத்தார். நல்ல பேஷண்ட் ஆயிட்டார். முதுகுல புண் வந்துச்சு, அது வேற கணக்கு. அதுக்குத் தனிக் கேடயம், எங்க வார்டு அதுல சேரவே இல்ல.

ஞாயித்துக்கிழமை மாரிச்செல்வம் வந்தார். வரும்போதே ஒரு புது ஊன்றுகோல் வாங்கிட்டு வந்தார், பாவம். தரையில கிடக்கிறவரைப் பார்த்ததும் அதை எங்க வைக்கன்னு தெரியாம கையிலயே வச்சிருந்தார். 'எழும்புங்கப்பா, மெதுவா'ன்னு ஒரு கையைக் குடுத்தார். ஐயா அந்தக் கையைப் பிடிக்கல. 'ஆம்புலன்ஸ் சொல்லிட்டியால?'ன்னு கேட்டார்.

'எப்பா, வீடு...'

'ஆடுகளை மேலத்தெரு சமுத்திரத்துட்ட வித்துரு. அவன் ஏமாத்துவான். பரவால்ல, வித்துரு.'

ஸ்ட்ரெச்சர்ல ஏத்தித் தள்ளும்போதுதான் அவருக்குப் பழைய குரல் வந்துச்சு. 'திருப்புங்கல! காலை முன்னால நீட்டிக் கொண்டு போக நான் என்ன பொணமா? தலையை முன்னால விடுங்க!' வார்டே பார்த்துச்சு. நாங்க திருப்பிட்டோம். அவர் சொன்னது சரிதானே.

மத்தபடி கதையில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கேடயக் கணக்குப்படி விழாம வந்தார், விழாம போனார். வரும்போது விழுந்துதான் வந்தார், அது கிடா பண்ணினது, எங்க கணக்குல வராது.

இன்னைக்குக் காலையில மாரிச்செல்வத்தை ரிசப்ஷன்ல பார்த்தேன். ஏதோ பேப்பர் வாங்க வந்திருக்கார். ஆள் மெலிஞ்சிருந்தார். நானாப் போய், 'அண்ணே, ஐயா எப்படி இருக்காங்க?'ன்னு கேட்டேன்.

'இருக்காரும்மா. படுக்கையிலதான்.'

எனக்கு ஒரு பயம். அங்க கம்பி கிடையாது, ஸ்டூல் கிடையாது, மூணாவது மாடி வேற. 'விழுந்து கிழுந்துட்டாங்களா அண்ணே?'ன்னு கேட்டேன்.

'இனிமே அவர் எப்படிம்மா விழுவாரு?'ன்னார்.

எனக்கு மனசு லேசாயிருச்சு. ஓடி வந்து சிஸ்டர்ட்ட சொன்னேன், 'சிஸ்டர், பதினொண்ணு அங்க போயும் விழலையாம்!' சந்தோஷப்படுவாங்கன்னு பார்த்தா, ஊசியில மருந்து ஏத்திட்டிருந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. சிஸ்டர் நின்னு நான் பார்த்ததே இல்ல. கண்ணைத் தோளால தொடைச்சுக்கிட்டாங்க, கை சும்மா இல்லையே.

பிறகு, 'புது கேஸ் வந்திருக்கு, இடுப்பு ஆபரேஷன். அந்த ஆச்சி எழும்பணும் எழும்பணும்னு துடிக்குது. ஸ்டூலை அங்க போடு'ன்னாங்க.

போட்டுட்டேன். நீங்க கவலைப்படாம போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க அண்ணாச்சி. நான் இருக்கேன்.